மறியலால (சிறையால) வந்த பொடியனைப் பாண் போறணையில சேர்க்கலாமா?

போறணைக்காரன்:
எங்கட போறணை களுவாஞ்சிகுடிப் பக்கம். மா பிசைய ஆள் தேவை. கேட்டு வந்த பொடியனுக்கு இருபத்தாறு வயசு. ஐஸ் எண்ட போதைப்பொருள் வழக்குல மட்டக்களப்பு மறியல்ல பதினொரு மாசம் இருந்து, இப்ப பிணையில வந்திரிக்கான். வழக்கு முடியல்ல. வேலை முந்தியே தெரியும், போன கிழமை அரை மூட்டை மா பிசைஞ்சு காட்டினான். என்ட மனுசி வேணாம் எண்டு நிக்கிறா. என்ன சொல்றீங்க?

செல்வி:
அண்ணன், மனுசி சொல்றதக் கேளுங்க. எங்கட வீட்டுல முதல்ல காஸ் சிலிண்டர் போனது, மறுகா தண்ணி மோட்டர், கடைசியா அம்மாட தோடு. எடுத்தது வெளியாள் இல்ல, என்ட தம்பி. மூண்டு தரம் உள்ள போனான். போகக்குள்ள தனிய போனவன், வரக்குள்ள பத்துக் கூட்டாளியோட வந்தான். புனர்வாழ்வு எண்டு பேசுறவங்க ஒரு கிழமை எங்கட வீட்டுல வந்து இரிக்கட்டும்.

அக்கரைப்பற்று காக்கா:
தங்கச்சி, நீங்க சொல்றதத்தான் நானும் சொல்றன். அந்தப் பத்துப் பேரை எங்க பிடிச்சான்? மறியலுக்குள்ள. தச்சுவேலை, தையல், போறணை எல்லாம் தண்டனை பெற்ற ஆக்களுக்கு. வழக்கு முடியாம உள்ள இரிக்கிற விளக்கமறியல்காரனுக்கு ஒண்டுமில்ல. விடியக் கணக்கெடுப்பு, பின்னேரம் கணக்கெடுப்பு, இரவைக்குப் படுக்க இடம் பிடிக்கிற சண்டை. நாட்டுல உள்ள இரிக்கிறதுல பாதிக்கு மேல இவங்கதான். 2020 நவம்பர் 29 மஹர மறியல்ல 11 பேர் செத்தாங்களே, அந்த நெரிசலுக்க கொரோனா வந்த பயத்துலதானே கலவரம் தொடங்கினது?

என்ட தங்கச்சிட மகனும் இருந்தான். உம்மா கல்முனையில இருந்து பஸ்ஸில சோத்துப் பார்சல் கொண்டு போவா. வாசல்ல நிக்கிறவர் கம்பியால சோத்தக் குத்திக் கிண்டுவார், பொரிச்ச மீனை ரெண்டாப் பிய்ப்பார். அவருக்கும் வேலை அது, பிழை சொல்லல்ல. ஆனா மறுகா உம்மா மீன் கொண்டு போகவே இல்ல. பிய்ச்ச மீனைப் பேரன் தின்னமாட்டானாம்.

செல்வி:
உம்மாட கண்ணீர் எனக்கும் விளங்குது காக்கா. எங்கட அம்மாவும் அந்த வாசல்ல நிண்டவதான். அதுக்காக? கந்தக்காட்டுல போதைக்கு அடிமையானவங்களுக்குப் புனர்வாழ்வு நிலையம் வச்சாங்க, 2022இல நூற்றுக்கணக்குல உடைச்சிட்டு ஓடினாங்க. 2023இல புனர்வாழ்வுப் பணியகம் எண்டு புதுச் சட்டமும் போட்டாங்க. சட்டம் புதுசு, தம்பி பழசு.

கோட்டு லிகிதர்:
குறுக்க ஒரு சொல். சின்னக் குற்றத்துக்கு உள்ள போடாம, வீட்டுல இருந்து வந்து பொதுவேலை செய்ய வைக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இரிக்கு. சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர்மாரும் இரிக்காங்க. ஆனா தூள், ஐஸ் வழக்குகள்ல நீதவானால பிணையே குடுக்க ஏலாத வழக்குகள் கனக்க. மேல் நீதிமன்றமோ அதுக்கும் மேலயோ போகணும். பிடிச்ச தூளைச் சோதிக்கிற பகுப்பாய்வாளர்ட அறிக்கை வர மாசக்கணக்கு.

செல்வி:
பொதுவேலை எண்டா? பள்ளிக்கூட வளவைக் கூட்டிட்டு, அந்தப் பள்ளிக்கூட வாசல்லயே நிண்டு விக்கவா?

வாவிக்கரை கிழவன்:
மட்டக்களப்பு மறியல் எண்டா எனக்கு 1983 செப்டம்பர்தான் ஞாபகம் வரும். அப்ப மறியல உடைச்சிட்டு வந்த தமிழ் அரசியல் கைதிகளுக்குச் சோறு போட்ட வீடுகள எனக்குத் தெரியும். இப்ப சட்டப்படி பிணையில வந்தவனுக்கு ஒரு வேலை குடுக்க இவ்வளவு யோசிக்கிறம்.

செல்வி:
அது வேற, இது வேற ஐயா. அவங்க தாய்ட தோட்டக் கழட்டிட்டுப் போனவங்களா?

அக்கரைப்பற்று காக்கா:
இந்தப் பொடியன் கழட்டினான் எண்டு ஆர் சொன்னது? வழக்கே முடியல்ல. வழக்கு நிக்கக்குள்ள வெளிநாடு போறதும் லேசில்ல. போறணையும் இல்லாட்டி அவனுக்கு வேலை குடுக்கப் போறவன், அவனுக்குத் தூள் குடுத்தவன்தான்.

போறணைக்காரன்:
எல்லாரும் சொன்னத மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். கடைசியா இறங்கி வந்தா. காசுப் பெட்டித் திறப்பு அவட கையில, பொடியன் போறணைப் பக்கம் மட்டும். ஒரு கரைச்சல், மாசக் கடைசி ஞாயிறு பொலிஸில ஒப்பம் வைக்கணுமாம். ஞாயிறுதான் எங்களுக்குப் பாண் கூட. நாலு மணிக்கு வேலையத் தொடங்கினா ஒன்பதுக்கு விடலாம்.

செல்வி:
நான் இன்னும் வேணாம் எண்டுதான் சொல்றன். குடுக்கத்தான் போறீங்க எண்டா மாசச் சம்பளத்த ஒண்டாக் குடுக்காதீங்க. நாளுக்கு நாள் குடுங்க, அதையும் தாய்ட கையில குடுங்க.

போறணைக்காரன்:
தாய் குவைத்துல. அப்பம்மாவோடதான் இரிக்கான். அவட கையில குடுக்கிறன்.

செல்வி:
அப்பம்மாட காதுல தோடு இரிக்கா எண்டு முதல்ல பாத்திட்டு வாங்க.