லாரி டைரி: அய்யன் இறந்த ராத்திரி நான் பேசுன வீடியோ – வெளிய போடலாங்களா?

வேலூர் லாரிக்காரன்

வணக்கங்க. எனக்கு நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் பக்கம். பையனா கிளீனரா ஏறுனவன், இன்னும் ரோட்டுலதான் இருக்கேன். முன்னாடி சொந்த வண்டி, பன்னெண்டு சக்கரம். 2020 கொரோனாவுல வண்டி மாசக்கணக்கா நின்னுச்சு. ரிசர்வ் பேங்க் மார்ச்சுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம்னு சொன்னது நெசந்தான். ஆனா அந்த மாசங்களோட வட்டி அசல்ல ஏறிக்கிச்சு. அப்புறம் டீசல் ஏறுச்சு, வாடகை ஏறலை. கடைசில பைனான்ஸ்ல வண்டியை எடுத்துக்கிட்டாங்க. இப்ப அடுத்தவங்க வண்டிக்கு டிரைவர்.

வீடியோ எடுக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறந்தான். இப்பல்லாம் செகண்ட் டிரைவர் போடறதில்லை. கேபின்ல பேச ஆள் கிடையாது. ராத்திரி வண்டியை ஓரங்கட்டி, சோறு தின்னுட்டு, போனை டேஷ்போர்டுல சாச்சு வெச்சுப் பேசுவேன். என்ன லோடு, எந்த ஊர்ல மடக்குனாங்க, தொப்பூர் கணவாய் இறங்கறப்ப முன்னாடி போன வண்டியோட பிரேக் லைனிங் தீஞ்ச வாசம், இப்படி. எழுதி வெச்சுப் பேசறதெல்லாம் இல்லீங்க, வாய்க்கு வந்ததுதான். சில நாள் பேச்சே வராது, வைப்பர் ஓடற சத்தம் மட்டும் பதிவாகியிருக்கும். அதையும் அழிக்கறதில்லை. சமையல் பண்ணுனது, ஜான்சிகிட்ட டயர் மாத்துனதுன்னு கொஞ்சத்தை அக்கா பையன் யூடியூப்ல ஏத்தி விட்டான். பாக்கறாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம், 2025 ஆகஸ்ட் கடைசில பெஞ்ச மழையில ஜம்மு – ஸ்ரீநகர் ரோடு உடைஞ்சது ஞாபகம் இருக்குங்களா? நான் அப்ப ஆப்பிள் லோடு ஏத்திக்கிட்டு காஷ்மீர்ல காசிகுண்டுங்கற ஊர்ல மாட்டிக்கிட்டேன். சின்ன வண்டிகளை விட்டாங்க, லாரிகளை விடலை. கண்ணுக்கு எட்டுன தூரம் ஆப்பிள் வண்டி. நாளாக ஆக அடிப்பெட்டி அழுக ஆரம்பிச்சுது. தார்ப்பாய்க்கு அடியில இருந்து பழுப்புத் தண்ணி சொட்டும், அதுல ஈ மொய்க்கும். புளிச்ச வாசம் கேபினுக்குள்ள படுத்தாலும் போகாது.

அந்த நேரத்துலதான் எங்கய்யன், எங்கப்பா, போய்ட்டாரு. நம்ம ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இருந்தாத்தான் எடுக்கும். எனக்கு இல்லை. பின்னாடி வண்டி ராசிபுரத்துக்காரர், அவர் போனுக்குத்தான் செய்தி வந்துச்சு. ஸ்ரீநகர்ல பிளேன் ஏறியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வண்டியையும் லோடையும் யார்கிட்ட விடறது? ஊர்ல பொழுதோட எடுக்கணும்னுட்டாங்க. ராசிபுரத்துக்காரர் போன்ல வீடியோ கால்ல பாத்தேன். சித்தப்பா பையன் கொள்ளி வெச்சான். நடுவுல சிக்னல் போயி, மறுபடி வர்றப்ப எல்லாரும் திரும்பி நடந்துக்கிட்டு இருந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி போனை வெச்சுப் பேசுனேன், அரை மணி நேரம் இருக்கும். எனக்கு லைசென்ஸ் எடுக்க அய்யன் எருமையை வித்ததைச் சொல்றேன். அழறேன். நடுவுல அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கதவைத் தட்டி, ஒரு கிண்ணத்துல உப்புப் போட்ட நூன் சாயும் ரொட்டியும் குடுத்துட்டு, என் தோள்ல கை வெச்சு என்னமோ சொல்லிட்டுப் போறாரு. அது காஷ்மீரி, எனக்குப் புரியலை. அதெல்லாம் அதுல இருக்கு. அப்புறம் கோவத்துல சித்தப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் இருந்த வரப்புத் தகராறையும் பேசிப்போட்டேன், பேர் சொல்லி.

அக்கா பையன் சொல்றான், "மாமா, இதுதான் போடணும், சோகமா ஒரு மியூசிக் வெச்சு, வரப்பு மேட்டரைத் தலைப்பாப் போட்டா எங்கியோ போயிரும்"னு. எனக்கு மனசு ஒப்பலை. ஆனா பெட்டிக்குள்ளயே வெக்கவும் மனசு வரலை. அங்க நின்ன அத்தனை பேரு பட்டதும் அதுல இருக்குதுங்க. போடறதுன்னா வெட்டாம அப்படியே போடணுமா? வெட்டுனா அது டைரி ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சங்ககிரி 14 சக்கரம்

அண்ணா, அய்யனுக்கு என் அஞ்சலி. நானும் அந்த வாரம் அதே ரோட்டுல, ஜம்மு பக்கம் உதம்பூர்ல கெடந்தேன். மேல இருந்து வர வேண்டிய வண்டியும் வரலை, கீழ இருந்து போக வேண்டியதும் போகலை.

என்னைக் கேட்டா போடுங்க. கோயம்பேட்டுல ஆப்பிள் கிலோ என்ன விலைன்னு கேக்கறவங்களுக்கு அது எப்படி வருதுன்னு தெரியாது. மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலைன்னு 1961லயே சட்டம் போட்டாங்க. எந்த லாரியில நடக்குது? 2025 அக்டோபர்ல இருந்து தயாராகற லாரியிலதான் கேபின் ஏசி கட்டாயம், நம்ம ஓட்டறதெல்லாம் பழசு. இதையெல்லாம் ஒரு டிரைவரே சொல்றப்பத்தான் காதுல ஏறுது. ஜார்க்கண்ட் ராஜேஷ் ரவானி லாரியில சோறு ஆக்கறதை இத்தனை பேர் பாக்கறாங்கன்னா, நிசமா ஓட்டறவன் பேசறான்னுதான் பாக்கறாங்க.

ரெண்டு விஷயம் மட்டும். ஓட்டறப்ப போனைக் கையில எடுக்காதீங்க, நீங்க எடுக்க மாட்டீங்க, படிக்கற சின்னப் பசங்களுக்குச் சொல்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல 1,000ல இருந்து 5,000 வரைக்கும் அபராதம், ஜெயிலுக்கும் இடம் இருக்கு. அதை விட்டாலும் பின்னாடி நாப்பது டன் இருக்குது. இன்னொண்ணு, அந்தப் பக்கம் ராணுவ வண்டி வரிசை, சுரங்க வாசல், செக்போஸ்ட் எதுவும் பிரேம்ல இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க, வீண் வம்பு. சட்டையில மாட்டற சின்ன மைக், பஞ்சு உறை போட்டது, ஒண்ணு வாங்கிக்கங்க. ஏசி இல்லாத கேபின்ல காத்து சத்தம் பேச்சை முழுங்கிடும்.

எடிட் மேசை

அண்ணா, நான் சென்னையில ஆவணப்பட எடிட்டரா இருக்கேன். முதல்ல ஒரு அவசர வேலை: அந்த ஒரிஜினல் இன்னும் போன்ல மட்டும்தான் இருக்கா? இன்னிக்கே கேபிள் போட்டு ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க. வாட்ஸ்ஆப்ல சாதாரணமா அனுப்பினா சுருக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பினா தரம் போகாது, ஆனா 2 ஜிபிக்கு மேல ஏத்துக்காது. அரை மணி நேரப் பதிவு அதைத் தாண்டலாம். பைல் பேர்ல தேதியும் ஊரும் எழுதிடுங்க.

இப்ப உங்க கேள்வி. பதிவு பண்றது ஒரு வேலை, வெளிய விடறது வேற வேலை. முதல் வேலையில எதையும் வெட்டாதீங்க, வைப்பர் சத்தத்தைக் கூட. ரெண்டாவதுல அந்தப் பதிவுல இருக்கிற எல்லாரோட விருப்பத்தையும் கேட்கணும். 1990ல பிபிசி 'வீடியோ டயரிஸ்'னு ஒரு வரிசை தொடங்கினாங்க. சாதாரண ஜனங்க கையில கேம்கார்டரைக் கொடுத்து அவங்கவங்க வாழ்க்கையை எடுக்கச் சொன்னாங்க. அதுக்கு அடுத்து வந்த 'வீடியோ நேஷன்'ல, எடுத்தவர் வேண்டாம்னு சொல்லிட்டா அந்தத் துண்டு ஒளிபரப்பாகாது. தொழில்முறை ஆளுங்களே அந்த உரிமையைக் கொடுத்திருக்காங்க. உங்களுக்கு அது முழுசா இருக்கு. அதே உரிமை அந்தப் பெரியவருக்கும் உங்க சித்தப்பா குடும்பத்துக்கும் உண்டுன்னு நான் நினைக்கிறேன். பெரியவர் போன் ஓடுறதைப் பார்த்தாரா? பார்க்கலைன்னா முகத்தை மறைச்சிடுங்க, யூடியூப் ஸ்டுடியோவுலயே அந்த வசதி இருக்கு.

வரப்புத் தகராறைப் பொதுக் காப்பியில வைக்காதீங்க. அதுக்காக உள்ள உள்ள வெட்டி ஒட்டவும் வேண்டாம். பேச்சு அந்தத் திசைக்குத் திரும்பற இடத்துக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. அதுவரைக்கும் ஒரே ஓட்டமா இருக்கட்டும். நீங்க மூச்சு வாங்குற இடம், பேச்சு நிக்கிற இடம் எதையும் தொடாதீங்க. நான் இந்த வேலையில பார்த்தது, அழுகையை விட அழுகைக்கு முன்னாடி வார்த்தை தேடுற அந்தச் சில நொடிதான் பார்க்கிறவரைப் பிடிச்சு நிறுத்தும். அக்கா பையன் மியூசிக்கைப் போட்டா முதல்ல காணாமப் போறது அதுதான்.

அக்கா பையன் பணக் கணக்குல சொல்றார்னா அதையும் பார்த்துடலாம். விளம்பரப் பணம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வையும் வேணும். டயர் மாத்துன வீடியோ, சமையல் வீடியோன்னு விடாம போட்டாலே அது மெதுவா சேரும். இந்த ஒண்ணை அதுக்குச் செலவழிக்க வேண்டாம். முதல்ல 'பிரைவேட்'ல ஏத்தி வீட்டு ஆளுங்க மெயிலை மட்டும் சேர்த்துக் காட்டுங்க. 'அன்லிஸ்டட்' வேண்டாம், லிங்க் கிடைச்ச யார் வேணா பார்க்கலாம், குடும்ப குரூப்புல நிமிஷத்துல சுத்திடும்.

தர்மபுரி டேங்கர் வீடு

அண்ணா, என் வீட்டுக்காரர் கேஸ் டேங்கர் ஓட்டறார். அவரும் எடுக்கறார், எனக்கு மட்டும் அனுப்புவார். போன்ல கேட்டா எப்பவும் "சாப்ட்டேன்"தான். விசாகப்பட்டினத்துல லோடுக்குக் காத்துக் கெடந்த வீடியோவுல பின்னாடி பிஸ்கட் பாக்கெட் காலியா கெடக்குது, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவினபடியே கமுத்தி இருக்குது. அதைப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சது. இந்த மாதிரி வீடியோவோட அருமை எனக்குத் தெரியும், அதனாலதான் எழுதறேன்.

ஒரு தடவை அவர் கடனைப் பத்திப் பேசுனதை அவர் கூட்டாளி ஒருத்தர் எடுத்து வெளிய போட்டுட்டார். நூத்துக்கணக்குல ஆறுதல் சொன்னாங்க, பொய் சொல்லலை. ஆனா பள்ளிக்கூடத்துல எம் பொண்ணுகிட்ட "உங்கப்பா அழுதாராமே"ன்னு கேட்டாங்க. அவர் அப்ப குஜராத்துல இருக்கார். பதில் சொல்ல வேண்டியது அவ. நீங்க வண்டி ஏறிப் போயிடுவீங்க அண்ணா, ஊர்ல உங்க அம்மா, வீட்ல அண்ணி, இவங்ககிட்டத்தான் கேப்பாங்க. முதல்ல அம்மாகிட்ட காட்டுங்க. அவங்க சொல்றதைக் கேட்டுட்டு மத்ததை யோசிங்க.

இன்னும் ராத்திரி தூக்கம் வராம இருக்குதுன்னா 14416க்கு ஒரு போன் போடுங்க. டெலி மானஸ், காசில்லை, தமிழ்லயே பேசலாம். இவர் பேசியிருக்கார்.

வேலூர் லாரிக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. பதில் போட நாளாயிடுச்சு, சோலாப்பூர் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட காட்டுனேன். காது கொஞ்சம் மந்தம், போனைக் காதுல வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க, படத்தைப் பாக்கவே இல்லை. எருமையைச் சொல்ற எடத்துல நிறுத்தச் சொன்னாங்க. "அது எருமை மட்டும் இல்லடா, கன்னுக்குட்டியோட வித்தாரு, அதையும் சொல்லு"ன்னாங்க. இத்தனை வருஷமா எனக்கு அது தெரியாது. வரப்புப் பேச்சு வந்ததும் போனைக் கீழ வெச்சுட்டாங்க. "கொள்ளி வெச்சவன் அவன்"னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல நான் பேசலை.

அதனால எடிட்டர் சொன்னபடி பண்றேன். நூன் சாய் குடுத்துட்டு அவர் போறதோட நிறுத்திடறேன். பெரியவர் போனைக் கவனிக்கலை, அதனால முகம் மறைச்சுத்தான். மியூசிக் கிடையாது. அக்கா பையனுக்கு வருத்தந்தான், ஆனா அவனே ஹார்டு டிஸ்க் வாங்கியாந்து ரெண்டு காப்பி எடுத்துக் குடுத்தான். ஒண்ணு எங்க வீட்ல, ஒண்ணு அக்கா வீட்ல இருக்கு. அம்மா சொன்ன கன்னுக்குட்டி சேதியை அதே கேபின்ல உக்காந்து தனியா ஒரு பதிவு போட்டு அதுக்குப் பின்னாடி வெக்கறேன்.

தர்மபுரித் தங்கச்சி, 14416க்குப் பேசுனேன். இன்னும் ஒருக்கா கூப்பிடச் சொல்லியிருக்காங்க, கூப்பிடுவேன்.

ஆவணியில தலைதிவசம் வருது. இந்தத் தடவை அந்த வாரம் லோடு ஏத்த மாட்டேன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன். அது முடிஞ்சதும் போடறேன். சங்ககிரித் தம்பி, அந்தப் பஞ்சு உறை மைக் எந்தக் கடையில வாங்குனீங்கன்னு சொல்லுங்க.