பாரிஸ்–லிஸ்பன் தூரம்: 250 யூரோவா, 400 யூரோவா?

போன மாதம் பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்திலிருந்து மாட்ரிட் வழியாக லிஸ்பன் போனேன். ஒரே டிக்கெட், ஒரே முன்பதிவு எண். பாரிஸிலேயே விமானம் தாமதம், மாட்ரிட்டில் அடுத்ததைத் தவறவிட்டேன். லிஸ்பன் சேரும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டால், தூரம் 1,500 கி.மீ.க்குள், அதனால் 250 யூரோ என்கிறார்கள். தாண்டினால் 400. தூரம் காட்டும் தளங்களில் பார்த்தேன்: பாரிஸ்–லிஸ்பன் நேராக சுமார் 1,470. ஆனால் பாரிஸ்–மாட்ரிட் 1,065, மாட்ரிட்–லிஸ்பன் 515, கூட்டினால் 1,580. மறுபடி மின்னஞ்சல் அனுப்பினேன், அதே அச்சடித்த பதில். கூகுள் மேப்ஸ் சாலைத் தூரத்தைக் காட்டுகிறது, அது எதற்கு? விமானத் தாமத இழப்பீடு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியையும் படித்தேன். பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம் என்று இருக்கிறது, சரி. நடுவில் மாறினால் எந்த இரண்டு ஊர்களுக்கு இடையே என்பதுதான் பிடிபடவில்லை.

இப்படி மாறிப் போன பயணத்துக்கு இழப்பீடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்களுக்கு நேர்த் தூரத்தை எடுத்தார்களா, இரண்டையும் கூட்டினார்களா?