உளவியலாளராக இருந்து தொழில், அரசியல் என்று போனவர்களோடு உங்கள் அனுபவம்

கவுன்சலிங்குக்குப் போனவர்:
நான் ஆலோசனைக்குப் போய்க்கொண்டிருந்த உளவியலாளர் பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கினார், அப்புறம் தேர்தலிலும் நின்றார். ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தபோது எல்லோரிடமும் நின்று பேசியவர், என்னைக் கண்டதும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகரப் பார்த்தார். தன்னிடம் வந்தவரை வெளியிடத்தில் பார்த்தால், அவராகப் பேசாதவரை உளவியலாளர்கள் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்வதில்லை. "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடக் கூடாதே! வேட்பாளருக்கோ நேர் எதிர் வழக்கம், தெரியாதவரையும் தெரிந்தவர்போல விசாரிக்க வேண்டும். நானே "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றேன். அதன் பிறகுதான் முகம் மலர்ந்தது. "தெரிந்தவரா?" என்று கட்சிக்காரர் கேட்டதற்கு, "இங்கே எல்லோருமே தெரிந்தவர்கள்தான்" என்று சமாளித்தார். அவர் கட்சிக்கு நான் ஓட்டுப் போடுவதில்லை, அது வேறு விஷயம்.

அப்படியொரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்:
நான் சொல்வது வேறொருவரைப் பற்றி. கம்பெனிகளின் ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை தருவதுதான் எங்கள் தொழில். பணம் கட்டுவது கம்பெனி, மனம் திறந்து பேசுவது ஊழியர். தலைவலி அங்கேதான். "யார் யார் வருகிறார்கள்?" என்று ஹெச்.ஆர். கேட்பார்கள். மொத்த எண்ணிக்கை மட்டும்தான் கொடுப்போம். ஆள் குறைவான பிரிவு என்றால் அதையும் தர விடமாட்டார் எங்கள் முதலாளி, ஆறு பேரில் இரண்டு பேர் என்றால் ஊகித்துவிடுவார்களாம்.

இன்னொரு சிக்கல், முதலீட்டாளர்கள். எங்கள் செயலிக்கு ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களா என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. குணமானவர் வருவதை நிறுத்திவிடுவார். உளவியலாளருக்கு அது வெற்றி, முதலீட்டாளர் கணக்கில் இழந்த வாடிக்கையாளர். விளம்பரத்திலும் கை கட்டப்பட்டிருந்தது. சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டுரை கேட்டு வாங்கக் கூடாது என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. அதை எங்கள் முதலாளி அப்படியே பிடித்துக்கொண்டார். விற்பனைக் குழுவில் இருந்த நான் அன்று அவரைத் திட்டாத நாளில்லை. இன்று யோசித்தால், அவர் செய்தது சரிதான்.

கூட்டத்தில் கேட்டவர்:
எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் பார்த்தவர் மேடையில் எதிர்க்கட்சி வேட்பாளருக்கு மனநோய் என்றார், "நான் உளவியல் படித்தவன்" என்ற முன்னுரையோடு. கைதட்டல் வேறு. 1964-இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை, அதிபர் தேர்தலில் நின்ற பாரி கோல்ட்வாட்டர் மனநிலைப்படி அதிபராகத் தகுதியானவரா என்று 12,356 மனநல மருத்துவர்களைக் கேட்டது. பதில் தந்த 2,417 பேரில் 1,189 பேர் இல்லை என்றார்கள். கோல்ட்வாட்டர் அந்தப் பத்திரிகைமீது வழக்குப் போட்டு ஜெயித்தார். நேரில் பரிசோதிக்காமல் பொது மனிதர்களின் மனநிலை பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் கொண்டுவந்தது. மருத்துவர்களுக்கே அப்படி. மைக் பிடித்தவருக்கு மட்டும் விலக்கா?

பிரசாரத்துக்கு உடன் போனவர்:
எங்கள் ஆள் அந்த ரகமில்லை. ஆனால் அவரோடு தெருத்தெருவாகப் போவது தண்டனை. ஒரு வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெரியவர் சொன்னால், "இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்பார். "தம்பி, உங்களைக் கேட்டா எங்களையே திருப்பிக் கேட்கறீங்களே!" என்று அவர் சிரித்துவிட்டார். சிறையில் உளவியலாளராக வேலை பார்த்த டெட் ஸ்டிரிக்லண்ட் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆளுநராக 2007 முதல் 2011 வரை இருந்தார் என்று எங்கள் ஆளே எங்களுக்குத் தெம்பு சொல்லிக்கொண்டிருப்பார்.

எப்படியோ ஜெயித்தும் விட்டார். பிறகு அவரிடம் முன்பு சிகிச்சை பெற்ற ஒருவர் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தார். தானே கையெழுத்துப் போடாமல், மனுவை வேறொரு உறுப்பினரிடம் அனுப்பிவிட்டார். காரணத்தை வெளியே சொல்ல முடியாதே. "தெரிந்தவனுக்கே செய்யாதவர்" என்று கட்சிக்குள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.