கம்ப்யூட்டர் மதர்போர்டு மாத்துன பிறகு ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி) பூட் ஆகாம அலைஞ்ச கதை இருந்தா சொல்லுங்க, மொதல்ல என் கதை

எங்க மில்லு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஐப்பசி மழையில ஒரு இடி, அன்னைக்கோட போர்டு காலிங்க. பழசு எச்81 போர்டு, டிடிஆர்3 ரேம். செகண்ட் ஹேண்ட் வாங்கி மறுபடி அழுக வேண்டாம்னு எச்610 போர்டு, 12வது ஜெனரேஷன் ஐ3, டிடிஆர்4 ரேம் எல்லாம் வாங்கி நானே உக்காந்து மாட்டுனேன். ஹார்ட் டிஸ்க் மட்டும் பழசு, ஆறு வருஷ டேலி கணக்கு அதுலதான் கிடக்கு.

ஆன் பண்ணுனா நேரா பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ் ஸ்கிரீன்) போய் நிக்குதுங்க. சேவ் பண்ணி வெளிய வந்தா மறுபடியும் அதே பயாஸ். ஸ்டோரேஜ் பக்கத்துல டிஸ்க் பேரு, சைஸ் எல்லாம் ஜம்முனு காட்டுது, பூட் பக்கத்துல மட்டும் ஒண்ணையும் காணோம். சாட்டா கேபிள் மாத்துனேன், போர்ட் மாத்துனேன், கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டு லேப்டாப்ல சொருகுனா ஃபைல் பூராம் தொறக்குது, அப்பறம் இங்க மட்டும் என்ன கேடுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. கடைல கேட்டா "ஃபார்மேட் போட்டுறலாங்க"ன்னு ஒரே மந்திரம். அவங்க எதுக்கும் அதைத்தான் சொல்லுவாங்க.

விஷயம் என்னன்னா பழைய போர்டுல விண்டோஸ் 10 போட்டவரு லெகசி மோட்ல, அதாவது பழைய பூட் முறைல போட்டிருக்காரு, அதனால டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் முறைல இருக்கு. புது போர்டு யுஇஎஃப்ஐங்கற புது பூட் முறை மட்டுந்தான் பேசும், விண்டோஸ் அதுல பூட் ஆக டிஸ்க் ஜிபிடிங்கற புது பார்ட்டிஷன் முறைல இருக்கணும், லெகசிக்குன்னு இருக்கற சிஎஸ்எம் ஆப்ஷன் ஆன்போர்டு கிராஃபிக்ஸ்ல ஓடறப்போ ஆன் பண்ணவே விடாது. அதாவது டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸும் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு பேருக்கும் பாஷை ஒத்து வரல.

விண்டோஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி, இன்ஸ்டால் ஸ்கிரீன்ல ஷிப்ட் எஃப்10 அடிச்சா கறுப்பு ஜன்னல் வரும். டிஸ்க்பார்ட்ங்கற கமாண்ட்ல லிஸ்ட் டிஸ்க் அடிச்சேன், ஜிபிடின்னு தலைப்பு இருக்கற வரிசைல ஸ்டார் இல்ல, எம்பிஆர் உறுதி. 2017ல வந்த 1703 வெர்ஷன்ல இருந்து எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு கமாண்ட் விண்டோஸ் கூடவே வருது, டேட்டா அழியாம மாத்திக் குடுக்கும். ஆனா மொதல்ல வேலிடேட் (மாத்த முடியுமான்னு சோதனை) மட்டும் போட்டுப் பாக்கணும், நான் போட்டேன், ஃபெயில்டுன்னு துப்பிருச்சு.

ஏன்னா நம்மூர் அசெம்பிள் கடைக்காரங்களுக்கு சி, டி, இ, எஃப்னு வரிசையா டிரைவ் பிரிக்காட்டி தூக்கம் வராது. அந்த கமாண்டுக்கு பிரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல இருக்கக்கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன், அதுக்குள்ள பிரிக்கற லாஜிக்கல் எதுவும் இருக்கவே கூடாது. என் டிஸ்க்ல இ, எஃப் ரெண்டும் லாஜிக்கல். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ரெண்டையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி போட்டுட்டு (பாதி பூரா மொதலாளி பேத்தியோட காதுகுத்து வீடியோ), சரியா காப்பி ஆச்சான்னு நாலஞ்சு ஃபைலத் தொறந்து பாத்துட்டு, கை நடுங்க டெலீட் பண்ணுனேன். மறுபடி வேலிடேட், பாஸ். கன்வெர்ட் போட்டேன், ரெண்டு நிமிஷங்கூட ஆகல.

ரீஸ்டார்ட் பண்ணுனதும் விண்டோஸ் வட்டம் சுத்துச்சு பாருங்க, கீழ "கெட்டிங் டிவைசஸ் ரெடி"ன்னு பர்சன்டேஜ் ஓடுச்சு, அப்பத்தான் டீ குடிச்சேன். நெட் கேபிளுக்கு டிரைவர் இல்ல, ஃபோன்ல யூஎஸ்பி டெதரிங் போட்டு இறக்குனேன். ஆக்டிவேஷன் கதை தனி, ஓஇஎம் லைசென்ஸ் (ஒரு மிஷினுக்குன்னே குடுக்கறது) பழைய போர்டோடயே போயிருச்சு, புதுசா வாங்க வேண்டியதாப் போச்சு.

* * *

அண்ணே எனக்கு விண்டோஸ் 7 காலத்துல நடந்துச்சு, ஸ்டூடியோ மிஷின். ஜி41 போர்டு போய் எச்61 போட்டோம். விண்டோஸ் லோகோ வரும், நீலமா ஒரு மின்னல் மின்னும், ரீஸ்டார்ட் ஆயிரும், என்ன எழுதிருக்குன்னே படிக்க முடியாது. எஃப்8 அடிச்சு ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்ட நிறுத்துன பிறகுதான் எரர் நம்பர் கடைசில 7பின்னு தெரிஞ்சுச்சு. அப்புடின்னா பூட் டிஸ்க்கையே விண்டோஸால தொட முடியலன்னு அர்த்தம்.

ஜி41 கூட வர்ற ஐசிஎச்7 சிப்புல டிஸ்க்கோட பேசற புது முறையான ஏஎச்சிஐயே கிடையாது, எல்லாம் பழைய ஐடிஈ முறை. புது போர்டு பயாஸ்ல ஏஎச்சிஐ இருந்துச்சு. விண்டோஸ் 7 இன்ஸ்டால் பண்றப்ப தேவப்படாத டிரைவர தூங்க வச்சிரும்ணே. பயாஸ்ல ஐடிஈக்கு மாத்துனேன், உள்ள வந்துருச்சு. ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸ வச்சிருக்கற இடம்) எம்எஸ்ஏஎச்சிஐன்னு ஒரு கீ, அதுல ஸ்டார்ட் வேல்யூ 3ன்னு இருந்தத 0 ஆக்கிட்டு, பயாஸ்ல திரும்ப ஏஎச்சிஐ வச்சேன், ஓடிருச்சு. இந்த ஒத்த நம்பருக்கு மூணு நாள் கல்யாண ஆல்பம் நின்னுச்சு, பொண்ணு வீட்டுல விட்ட டோஸு இன்னும் காதுல கேக்குது.

* * *

என்னோடது லேப்டாப். சர்வீஸ் சென்டர்ல போர்டு மாத்திக் குடுத்தாங்க, டேட்டா பத்திரமா இருக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா நீல ஸ்கிரீன்ல பிட்லாக்கர் (டிஸ்க்கப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெகவரி கீ கேக்குது. நான் பிட்லாக்கர்னு ஒண்ண வாழ்க்கைல ஆன் பண்ணதே இல்ல! மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு மொத மொதல்ல லாகின் பண்ணும்போதே அதுவா என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்கு, தொறக்குற சாவி பழைய போர்டோட டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப்புல இருந்திருக்கு.

கீ எங்கன்னு தேடினா, காலேஜ் படிக்கும்போது தொறந்த ஒரு பழைய அவுட்லுக் ஐடில. அதுக்கு பாஸ்வேர்ட் ரீசெட் பண்ண பழைய சிம் வேணும், அந்த சிம் அம்மாவோட பட்டன் ஃபோன்ல. அம்மா ஓடிபி படிக்க, நான் போட, ஒருவழியா 48 நம்பரும் கிடைச்சுது. ஆறு ஆறா எட்டு கட்டம். ஒவ்வொரு ஆறும் 11ஆல வகுபடும்ங்கிறதால ஒரு நம்பர் தப்பா அடிச்சாலே கண்டுபிடிச்சிடுது. உள்ள போனப்புறம் பழைய லாகின் பின் நம்பரும் வேலை செய்யல, புதுசாத்தான் போட்டேன். போர்டு மாத்தக் குடுக்குறதுக்கு முன்னாடி இத ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் பாட்டுக்கு கீய எழுதி வச்சிருப்பேன்ல?

* * *

லினக்ஸ் ஆளுங்க யாரும் வரலையா ப்ரோ, நான் வரேன். ஆர்ச்ங்கிற லினக்ஸ் போட்ட வீட்டு சர்வர், மானிட்டர் கூட கிடையாது, பரண் மேல கிடக்கும். போர்டு மாத்தினேன், செத்த மாதிரி இருந்துச்சு. யுஇஎஃப்ஐல "இந்த ஃபைல பூட் பண்ணு"ங்கிற என்ட்ரி போர்டோட மெமரில இருக்கு, டிஸ்க்ல இல்ல. போர்டு போனா அதுவும் போச்சு. லைவ் யூஎஸ்பில போய் இஎஃப்ஐபூட்மேனேஜர்ங்கிற கமாண்ட்ல கிரப்புக்கு (லினக்ஸ எழுப்புற புரோகிராம்) என்ட்ரி போட்டேன், அஞ்சு நிமிஷ வேலை.

சந்தோஷமா பரண்ல ஏத்தி வச்சா எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியா சர்வருக்குள்ள போறது) கிடைக்கல. நெட்வொர்க் கார்டு பேரு ஸ்லாட்ட வச்சு வர்றதால இஎன்பி3எஸ்0 இருந்தது இஎன்பி5எஸ்0 ஆயிருச்சு, ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) பழைய பேருக்கே எழுதிக் கிடக்கு. மறுபடி ஸ்டூல் போட்டு இறக்கி, பக்கத்து வீட்டு டிவிய மானிட்டரா கடன் வாங்கி, ஒரு எழுத்து மாத்தினேன்.

* * *

ஆர்ச்காரரே, நான் பரண்ல ஏறலைன்னாலும் மில்லுல ஏணில ஏறுனேங்க, யூபிஎஸ் பக்கத்துல எர்த் வயரே காணோம். நாளைக்கு எலக்ட்ரீஷியன் வர்றாரு.