பெயர் ஒன்று, ஆள் நாலு: மேற்கோள் வரைபடக் கருவிகளில் உங்கள் அனுபவம்

கடலூர், கல்லூரி நூலகர்:

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போதெல்லாம் ஆசிரியர்களின் கட்டுரைகள், மேற்கோள்கள் (மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் அவற்றைச் சுட்டியது) பற்றிய விவரத்தைத் திரட்டும் வேலை எங்கள் நூலகத்துக்கு வந்துவிடும். இந்த முறை வெறும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், யார் யாரோடு சேர்ந்து எழுதுகிறார்கள் என்று படமாகவே காட்ட விஓஎஸ்வியூவரை எடுத்தேன். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவசக் கருவி. அதன் ஆன்லைன் பதிப்பில் ஏற்றிவிட்டால் பிரவுசரிலேயே யாரும் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கலாம். தரவை ஓப்பன்அலெக்ஸிலிருந்து எடுத்தேன். மைக்ரோசாஃப்ட்டின் ஆய்வுத் தரவுத்தளம் 2021 இறுதியில் நின்றபோது அந்த இடத்துக்கு வந்த பொதுத் தரவு அது.

அதில் எங்கள் விலங்கியல் பேராசிரியர் ஒருவரின் பக்கத்தைத் திறந்தேன். நண்டு, இறால், அதற்குக் கீழே கான்கிரீட்டின் வலிமை, அதற்கும் கீழே நெட்வொர்க் பாதுகாப்பு! அதே இனிஷியலும் பெயரும் கொண்ட வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அவர் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். அப்பா பெயரை முழுசாகக் கடைசியில் போட்டு அவர் எழுதிய கட்டுரைகளோ வேறொரு ஆளின் பெயரில் தனியாகக் கிடந்தன. படத்தைப் பார்ப்பவர் இவர் பல துறைகளை இணைப்பவர் என்று பாராட்டிவிட்டுப் போவார்.

குடும்பப் பெயர் எல்லாருக்கும் உண்டு என்று எண்ணிக் கட்டிய அமைப்புகளில் நம் பெயர்கள் படும் பாடு இது. எனக்கு இதில் நிஜமாகவே ஆதங்கம் உண்டு. ஹெச்-இண்டெக்ஸை வைத்து ஆளை எடை போடுகிற காலம். 2005ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன கணக்குப்படி, 10 என்றால் தலா 10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 10 இருக்க வேண்டும். ஆள் இரண்டாக உடைந்தால் அது இறங்கும், அடுத்தவர் ஒட்டிக்கொண்டால் ஏறும். இரண்டுமே அநியாயம். அதனால் இப்போது யார் வந்து கேட்டாலும், முதலில் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள 16 இலக்க ஆர்கிட் (ORCID) அடையாள எண், அப்புறம்தான் படம் என்று சொல்லிவிடுகிறேன்.

பரங்கிப்பேட்டை, ஆய்வு மாணவி:

வணக்கம் சார். நான் பிச்சாவரம் அலையாத்திக் காடு பற்றிய ஒரு கட்டுரையை வைத்து கனெக்டட் பேப்பர்ஸ் என்ற இணையக் கருவியில் தொடங்கினேன். அது தொடர்புள்ள கட்டுரைகளை வட்டங்களாக வரைந்து கோடுகளால் இணைக்கும். வட்டம் பெரிதாக இருந்தால் மேற்கோள் அதிகம், நிறம் அடர்த்தியாக இருந்தால் புதிய கட்டுரை. நடுவில் உள்ள கோடுகளைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கோடு இருப்பதால் ஒன்று மற்றொன்றை மேற்கோள் காட்டியது என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே பழைய கட்டுரைகளை எடுத்தாண்டிருந்தாலோ, பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்தாண்டிருந்தாலோ பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். எனக்கு இதனால் பெரிய லாபம். தேடுசொல்லில் சிக்காத, மண் உப்புத்தன்மை பற்றிய ஒரு கட்டுரை ஓரத்தில் சின்ன வட்டமாக இருந்தது. என் இரண்டாம் அத்தியாயமே அதை ஒட்டித்தான் போகிறது. ஆனால் இங்கே நூலக அலமாரியில் அச்சில் மட்டும் இருக்கும் பழைய அறிக்கைகள் எந்தப் படத்திலும் வராது. அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

புதுச்சேரி, வரலாற்று ஆய்வாளர்:

ஸ்கோலியாவை யாரும் சொல்லவில்லையே! விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் இருப்பதை எடுத்து, ஆண்டுவாரியாகக் கட்டுரைகள், உடன் எழுதியவர்கள், தலைப்புகள் என்று பிரவுசரிலேயே வரைந்து காட்டும். எங்கள் துறையில் பாதி எழுத்து பிரெஞ்சில், அதுவும் நூல்களின் உள்ளே. என் பக்கம் ஏறக்குறைய காலியாக இருந்தது. ஆனால் விக்கித்தரவில் யாரும் பதிவு சேர்க்கலாம், எங்கள் குழுவின் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஏற்றி வருகிறோம். நூலகர் சார், உடைந்த பெயர்களை எப்படி ஒட்ட வைத்தீர்கள்?

கடலூர், கல்லூரி நூலகர்:

சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும் மேடம். இடப்பக்கம் தப்பாக வரும் பெயர் வடிவம், நடுவில் டேப், வலப்பக்கம் சரியான பெயர். முதல் வரித் தலைப்பு மட்டும் விஓஎஸ்வியூவர் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். படம் வரையும்போது இந்த ஃபைலையும் கொடுத்தால் விஓஎஸ்வியூவர் ஒன்றாக்கிவிடும். ஒட்டிக்கொண்ட வேற்றாளைப் பிரிக்க அது உதவாது. அதற்கு ஓப்பன்அலெக்ஸுக்கே திருத்தம் கேட்டு எழுத வேண்டும்.