பதினேழு டேப்பும் போச்சு: ஜோப்ளின் பிளகின் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

குறிப்பு மென்பொருளுக்கு டேப் பிளகின் (மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) எழுதிய அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். ஜோப்ளினுக்கு ஒன்று எழுதி நான்கு வருடமாகப் பராமரித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஜோப்ளினைப் பயன்படுத்தாதவர்களுக்கு முதலில் சில வரிகள். அது இலவசமான, திறமூலக் குறிப்பு மென்பொருள். எழுதுவதெல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேரும். நெட் இருக்கும்போது டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் என்று எதிலாவது ஒத்திசைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இங்கே இரண்டு நாள் நெட் இல்லாமல் இருப்பது சாதாரணம், நான் ஜோப்ளினுக்கு வந்ததே அதனால்தான். திரையில் இடப்பக்கம் நோட்புக்குகள், அடுத்து குறிப்புகளின் பட்டியல், அதற்கடுத்து எழுதும் இடம். பிரவுசரில் இருப்பது போன்ற டேப் வரிசை அதோடு வருவதில்லை. முந்தைய குறிப்புக்குத் திரும்பப் பொத்தான் உண்டு, ஆனால் பல குறிப்புகளுக்கிடையே மாறி மாறிப் போக வேண்டுமென்றால் பட்டியலில் தேட வேண்டும். டேப் காட்டும் பிளகின்கள் நான் தொடங்கும்போதே இருந்தன. தமிழ்த் தலைப்புகள் எனக்குப் பிடித்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக நானும் ஒன்று எழுதினேன்.

உள்ளே நடப்பது எளிமையானதுதான். ஜோப்ளினில் ஒவ்வொரு குறிப்புக்கும் 32 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. திறந்திருக்கும் குறிப்புகளின் அடையாளங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, அவற்றின் தலைப்புகளைத் திரையில் ஒரு பட்டையாகக் காட்ட வேண்டும். டேப்பை இழுத்து நகர்த்தினால் வரிசையை மாற்ற வேண்டும். முதல் பதிப்பை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டேன்.

அந்த வருடம் நவம்பரில் ஒரு போன் வந்தது. எங்கள் ஊருக்குக் கீழே, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் போடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு பார்க்கும் அண்ணன். அவருடைய கம்ப்யூட்டரில் பிளகினைப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

“தம்பி, பதினேழு டேப்பும் போச்சு.”

“குறிப்பெல்லாம் இருக்கா அண்ணா?”

“அதெல்லாம் அப்படியே இருக்கு.”

“அப்புறம் என்ன, பட்டியலில் இருந்து திரும்பத் திறந்துக்கலாமே?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று வைத்துவிட்டார். அந்த மௌனம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். முந்தின நாள் மத்தியானம் ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போயிருக்கிறது. அவருடைய யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம். கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிட்டது. கரண்ட் வந்து ஜோப்ளினைத் திறந்தால் டேப் பட்டை காலி.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எப்படி வேலை பார்ப்பீர்கள், காட்டுங்கள் என்றேன். இலை வரும் ஒவ்வொரு ஹட்டிக்கும் (படகர் ஊருக்கும்) ஒரு குறிப்பு வைத்திருந்தார். எடை, ஈர இலைக்குக் கழித்தது, உரத்துக்குக் கொடுத்த முன்பணம், பாக்கி என்று எல்லாம் அதில் இருந்தன. மாதக் கடைசியில் பதினேழையும் டேப்பாகத் திறந்துகொள்வார். ஒரு ஹட்டியின் கணக்கைச் சரிபார்த்து முடித்ததும் அந்த டேப்பை இடது ஓரத்துக்கு இழுத்துவிடுவார். சந்தேகம் இருப்பதை வலது கோடிக்குத் தள்ளுவார். நடுவில் இருப்பது இன்னும் தொடாதது. எது முடிந்தது, எதில் சந்தேகம் என்று அவர் வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. டேப்புகள் நின்ற வரிசைதான் அவருடைய மூன்று நாள் வேலைக்கு இருந்த ஒரே பதிவு. அது போனதால் பதினேழையும் முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். பணம் எப்போது வரும் என்று விவசாயிகள் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தப்பு முழுக்க என்னுடையது. ஜோப்ளினை மூடும்போது மட்டும் வரிசையைச் சேமிக்கும்படி எழுதியிருந்தேன். நான் லேப்டாப்பில் வேலை பார்ப்பவன். கரண்ட் போனாலும் பேட்டரி ஓடும், எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். என் மேசையில் இந்தக் கோளாறு ஒரு நாளும் தலைகாட்டியிருக்காது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன். டேப்பைத் திறந்தாலும், மூடினாலும், நகர்த்தினாலும் அரை விநாடிக்குள் வரிசை சேமிக்கப்படும். இழுத்துக்கொண்டிருக்கும்போது நூறு தடவை எழுதிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அரை விநாடி. கூடவே பழைய வரிசைகளில் கடைசி ஐந்தையும் தனியாக வைத்து, வேண்டியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கட்டளையும் சேர்த்தேன். சோதிக்க டாஸ்க் மேனேஜரில் போய் ஜோப்ளினை முப்பது தடவை பாதியில் நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வரிசை அப்படியே திரும்பி வந்த பிறகுதான் அண்ணனுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாராவது டேப் போய்விட்டது என்று எழுதினால், குறிப்பு இருக்கிறதே என்று பதில் சொல்வதை அடியோடு விட்டுவிட்டேன். அந்த டேப்பை எதற்காகத் திறந்து வைத்திருந்தீர்கள் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

தமிழ்த் தலைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதுவும் அந்த அண்ணனிடம் கற்றதுதான். டேப் குறுகலாக இருப்பதால் தலைப்பை 12 இடத்துக்குள் வெட்டி, கடைசி இடத்தில் முப்புள்ளி வைத்திருந்தேன். அவரிடம் ‘சம்பளம் கொடுத்தது’, ‘சம்பளம் கொடுக்காதது’ என்று இரண்டு குறிப்புகள். பட்டையில் இரண்டுமே ‘சம்பளம் கொட…’ என்றுதான் தெரிந்தன. எது எது என்று தெரியாமல் இரண்டு தடவை தப்பான குறிப்பில் எழுதிவிட்டாராம். காரணம் இதுதான்: பிளகினை எழுதிய நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல. ‘டு’ என்பது நமக்கு ஓர் எழுத்து, அதற்கு ட ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளியும் அதற்குத் தனிக் கணக்கு. அப்படி எண்ணினால் முதல் தலைப்பு 17, இரண்டாவது 19. நாம் எண்ணுகிற மாதிரி எண்ணினால், நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து 11, 12 தான். ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது, அது எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். அதைப் போட்டதும் இரண்டு தலைப்பும் வெட்டுப்படாமல் முழுதாக அடங்கின. தமிழில் எதையாவது வெட்டிக் காட்டுகிற நிரல் எழுதுபவர்கள் தயவுசெய்து நீளத்தை அப்படியே நம்பாதீர்கள். புள்ளி போன மெய்யும் கொம்பு போன உயிர்மெய்யும் வேறு சொல்லாகிவிடும்.

குன்னூரிலிருந்து:

நான் நிரல் எழுதுபவள் இல்லை, இந்தப் பிளகினைப் பயன்படுத்துபவள். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. முதல் நாள் பிளகினைப் போட்டதும் டேப்பெல்லாம் வலது பக்கத்தில் ஒரு நீளமான பெட்டியில், ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றது. எனக்கு வேண்டியது மேலே படுக்கையாக. உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து எடுத்துவிட்டு, இரண்டு தடவை திரும்பப் போட்டேன். அப்புறம்தான் பிளகின் எழுதிய கோத்தகிரி அண்ணாவுக்கு எழுதினேன். ஜோப்ளினின் வியூ மெனுவில் தளவமைப்பை மாற்றும் வசதி இருக்கிறது, அதை அழுத்தினால் ஒவ்வொரு பெட்டியின் மேலும் அம்புக்குறிகள் வரும், டேப் பெட்டியை எழுதும் இடத்துக்கு மேலே நகர்த்துங்கள் என்று படம் போட்டு அனுப்பினார். இரண்டு நிமிட வேலை. புதிதாகப் போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் வரும்.

எனக்கு ஒரு கேள்வி: என் லேப்டாப்பில் திறந்திருக்கும் டேப்புகள் அப்பாவின் கம்ப்யூட்டரிலும் அப்படியே வந்தால் நன்றாக இருக்குமே?

கொடைக்கானலிலிருந்து:

எனக்கு இரண்டு அனுபவம். மேல்மலைப் பக்கம் செடிகொடிகளைப் பார்த்துக் குறித்து வைப்பது என் பழக்கம். 2018ல் குறிஞ்சி பூத்தபோது எழுதியதிலிருந்து எல்லாமே ஜோப்ளினில் இருக்கிறது.

முதலாவது, 2024ல் ஜோப்ளின் 3.0 வந்த சமயம். வேண்டாத குறிப்பு ஒன்றை அழித்தேன், அதன் டேப் மட்டும் போகவில்லை. அழுத்தினால் குறிப்பு திறக்கிறது, ஆனால் எழுத முடியவில்லை. அழிந்ததா இல்லையா என்றே புரியவில்லை. எழுதிக் கேட்டதில் ஒரே நாளில் சரிசெய்துவிட்டார்கள், காரணம் என்னவென்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது இன்னும் தீரவில்லை. டேப்புகளுக்குள் தேடும் பெட்டியில் ‘கொடைக்கானல்’ என்று அடித்தால் பாதி டேப்புகள் வருகின்றன, பாதி வருவதில்லை. வராதவற்றின் தலைப்பிலும் அதே சொல்தான் இருக்கிறது, ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை. ‘கௌ’ வருகிற ஒரு தலைப்பும் அப்படியே. வராதவை எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்து பின்னால் யூனிகோடுக்கு மாற்றிய குறிப்புகள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

கோத்தகிரியிலிருந்து:

சம்பந்தம் உண்டு, நீங்களே பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதற்கு முன்னால் அந்த 3.0 விஷயம். அந்தப் பதிப்பில்தான் குப்பைக்கூடை வந்தது. அதற்கு முன் குறிப்பை அழித்தால் உண்மையிலேயே அழிந்துவிடும். அந்த அடையாளத்தைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வரும், பிழை வந்தால் டேப்பை மூடு என்று எழுதியிருந்தேன். குப்பைக்கூடை வந்தபின் அழித்த குறிப்பும் அங்கே இருக்கிறது, படிக்கலாம், திருத்த முடியாது. கேட்டால் பிழை வருவதில்லை, அழித்த நேரம் என்று ஒரு புலம் மட்டும் நிரம்பியிருக்கும். என் நிரல் அதைப் பார்க்கவே இல்லை. குப்பைக்கூடை நல்ல வசதி, தவறி அழித்ததை மீட்கலாம். நான்தான் பழைய பழக்கத்தை நம்பி உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை சேர்த்ததோடு சரியாகிவிட்டது.

இனி ‘கொ’. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. பழைய எழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனியாகத்தான் இருந்தன. மாற்றியபோது அவை அப்படியே வந்திருக்கும். ‘கோ’வுக்கும் இதே கதை. இதற்கு முறையான தீர்வு இருக்கிறது, யூனிகோடின் இயல்பாக்கம். ஒரே எழுத்தை வேறு வேறு விதமாக எழுதியிருந்தாலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் அது. தேடும் சொல்லையும் தலைப்பையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் போதும். அடுத்த பதிப்பில் இது வந்துவிடும், சோதித்தும் பார்த்துவிட்டேன்.

‘கௌ’ அவ்வளவு லேசில் தீராது. நிறையப் பேர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்தும் போட்டு ‘கெளரி’ என்று அடித்துவிடுகிறார்கள். பார்த்தால் ‘கௌரி’ மாதிரியே இருக்கும். ஆனால் அது யூனிகோடின் கணக்கில் கெ, ள, ரி என்று மூன்று எழுத்து. இயல்பாக்கம் அதைத் தொடாது, தொடவும் கூடாது. ‘கெளுத்தி’ என்று மீன் இருக்கிறது, ‘வெள்ளம்’ இருக்கிறது, ‘தெளிவு’ இருக்கிறது. இதையெல்லாம் ஔகாரமாக்கினால் தேடலே நாசமாகிவிடும். நான் இப்போது முயல்வது இப்படி: கொம்பு போட்ட எழுத்தை அடுத்து வரும் ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது. வெறும் ‘ள’ நின்றால் மட்டும், தேடும்போது ஔகாரமாகவும் சேர்த்துப் பார்ப்பது. குறிப்பில் இருக்கும் தலைப்பை ஒருபோதும் திருத்த மாட்டேன், அது எழுதியவருடையது.

குன்னூர் தங்கச்சிக்கு: நீங்கள் கேட்டதை நான் செய்து பார்த்துக் கைவிட்டேன். பிளகினின் அமைப்புகளை ஜோப்ளின் ஒத்திசைப்பதில்லை. அதனால் டேப் வரிசையை ஒரு குறிப்புக்குள்ளேயே எழுதி வைத்தேன், அது எல்லாக் கருவிக்கும் போய்விடும் அல்லவா? போனது. ஆனால் நெட் இல்லாத நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரிலும் டேப்பைத் திறந்து மூடினால், ஒரே குறிப்பு இரண்டு இடத்திலும் மாறியிருக்கும். ஜோப்ளின் எதையும் இழக்க விடாது, அப்படிப்பட்டதை முரண்பாடு என்று தனி நோட்புக்கில் போடும். ஒரே வாரத்தில் என் முரண்பாட்டு நோட்புக் முழுக்க டேப் வரிசைகள்தான். உண்மையான முரண்பாடு ஒன்று அதற்குள் புதைந்து போனதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். கருவிக்கு ஒரு குறிப்பு என்று தனித்தனியாக வைத்து, மற்றதைப் பார்க்க மட்டும் அனுமதித்தால் முரண்பாடு வராது என்று தோன்றுகிறது. அப்பாவின் டேப்புகளை நீங்கள் பார்க்கலாம், வேண்டியதை உங்கள் பக்கம் திறந்துகொள்ளலாம், அவர் வரிசை குலையாது. அது போதுமா என்று அவரிடமும் கேட்டுச் சொல்லுங்கள், போதுமென்றால் செய்கிறேன்.

கொடைக்கானல் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். தேடலில் சிக்காத அந்த ‘கௌ’ தலைப்பை எனக்கு அனுப்புங்கள். கையால் திரும்ப அடிக்க வேண்டாம், அடித்தால் உங்கள் கீபோர்டு சரியான குறியைப் போட்டுவிடும், கோளாறு மறைந்துவிடும். தலைப்பின் மேல் கிளிக் செய்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, அப்படியே காப்பி செய்து ஒட்டி அனுப்புங்கள்.