.315 ரைஃபிள் முன்கட்டையில் வெடிப்பு: ஒட்டினா நிக்குமா?

உசிலம்பட்டி_315:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாகிட்ட இருந்து முறைப்படி என் உரிமத்துக்கு மாத்தின இஷாப்பூர் .315 ரைஃபிள். பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பு, குழலுக்கு அடியில இருக்கிற முன்கட்டை தனி, தோள்ல வைக்கிற பட் கட்டை தனி. முன்கட்டையோட பின்முனையில, மர ரேகை ஓடுற போக்குலயே 6 செ.மீ. நீளத்துக்கு வெடிப்பு. கட்டைவிரலால அழுத்தினா வாய் திறந்து மூடுது. அந்த இடம் முழுக்கக் கறுத்து எண்ணெய் ஊறிக் கிடக்கு. பட் கட்டையும் லேசா ஆடுது.

ஃபெவிகால் மரைன் விட்டு இறுக்கிக் கட்டினா போதும்னு ஊர் ஆசாரி சொல்றார். நிக்குமா? பட் ஆட்டத்துக்கு, பின்தகட்டைக் கழட்டி உள்ள இருக்கிற நீள போல்ட்டை இறுக்கிரலாமா? துப்பாக்கியை அவர் பட்டறையிலயே ரெண்டு நாள் விட்டு வைக்கலாமா?

வைகைக்கரை:
தம்பி, அந்த போல்ட்டைத் தொட்டுராதீங்க. முதல்ல முன்கட்டை கழண்டு கையில வரணும், அப்புறம்தான் பட் போல்ட். லீ-என்ஃபீல்டுல நம்பர் 1-ங்கிற பழைய அமைப்புல அந்த போல்ட்டோட நுனி சதுரமா இருக்கும். பட் கட்டை செருகி நிக்கிற இரும்புக் குவளையைத் தாண்டி வந்து, முன்கட்டைக்குள்ள இருக்கிற சின்னத் தகட்டுல அது பூட்டிக்கும். போல்ட் தானா கழண்டுராம இருக்கச் செஞ்ச ஏற்பாடு. முன்கட்டை மாட்டியிருக்கும்போது பின்னாடியிருந்து திருகினா, சதுர நுனி சுத்தி மரத்தை உள்ளருந்து பிளந்துரும். உங்க வெடிப்பு இருக்கிற இடத்தைப் பார்த்தா, யாரோ ஒரு தடவை அப்படித் திருகியிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

கழட்டுற முறை: மேகசின் (தோட்டாப் பெட்டி), தோட்டாவை உள்ள தள்ளுற கைப்பிடி போல்ட் (பட் போல்ட் இல்ல) ரெண்டையும் வெளிய எடுத்து, குழலோட அறைக்குள்ள தோட்டா இல்லைனு கண்ணால பார்த்துக்கங்க. முன் வளையங்களைக் கழட்டுங்க. டிரிகர் காப்புத் தகட்டோட முன் மரையாணி, பின் மரையாணி ரெண்டையும் எடுத்தா தகடு வந்துரும். முன்கட்டையை நேரா கீழ்நோக்கிச் சமமா இழுக்கணும். ஒரு முனையை மட்டும் பிடிச்சு நெம்பினா வெடிப்பு 6 செ.மீ. 10 ஆயிரும். முன் மரையாணி போற துளையில சின்ன இரும்புக் குழல் ஒண்ணு இருக்கும், தொலைச்சுராதீங்க. அது இல்லாம இறுக்கினா மரம் நசுங்கிக்கிட்டே போகும்.

திருப்புளி நுனி மரையாணிப் பள்ளத்துல ஆடாம உக்காரணும். ஆடினா தலை சிதைஞ்சுரும்.

மர_ரேகை (திருமங்கலம்):
ஆசாரி சொன்ன பசை நல்ல பசைதான், ஆனா சுத்தமான மரத்துக்கு. எண்ணெய் குடிச்ச மரத்துக்குள்ள அது இறங்காது. ரெண்டு தோட்டா போட்டதும் ஏடு மாதிரி உரிஞ்சு வந்துரும். ஃபெவிக்விக்கும் வேண்டாம், கண்ணாடி மாதிரி உடையும்.

வேலையில முக்கால்வாசி எண்ணெய் எடுக்கிறதுதான். இரும்பு எல்லாத்தையும் கழட்டிட்டு, வெறும் கட்டையைக் கறுப்பு பாலித்தீன்ல சுத்தி மத்தியான வெயில்ல தொங்க விடுங்க. நம்மூர் சித்திரை வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல எண்ணெய் வேர்த்து வெளிய வரும். சூடு ஆறுறதுக்குள்ள துணியால துடைங்க. அப்புறம் பெயிண்ட் கடையில மக்கு போட வாங்குற சாக் பவுடரை அசிட்டோன்ல கூழாக் குழைச்சு, கறுத்த இடத்துல அரை செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ஞ்சதும் உதிர்த்துருங்க. பொடி மஞ்சளா, பழுப்பா வரும். வெள்ளையாவே உதிர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடணும். 4, 5 தடவை ஆகும், சலிச்சுக்காதீங்க. அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், திறந்த வெளியில செய்யுங்க. காஸ்டிக் கலந்த கிளீனர் எதுவும் வேண்டாம், மர நாரையே தின்னுரும்.

ஒட்ட, ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசுற எபாக்சி பசை அரால்டைட் ஸ்டாண்டர்டு வாங்குங்க, 5 நிமிஷ வகை வேண்டாம். கன அளவுல ரெசின் ஒரு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு. எடையில பார்த்தா 100 கிராமுக்கு 80. கண்ணளவுல பிழியாதீங்க, ஹார்டனர் குறைஞ்சா பிசுபிசுப்பு போகவே போகாது. வெடிப்பு வாயில ஒரு மெல்லிய ஆப்பைச் செருகித் திறந்து வச்சு, ஹேர் டிரையரால மரத்தை இளஞ்சூடாக்குங்க. பசை இளகி உள்ள ஓடும். பழைய ஷேவிங் பிளேடால அடிவரைக்கும் தள்ளுங்க. மறுபக்கம் பசை கசிஞ்சா முழுசா நிரம்பிருச்சுனு அர்த்தம். ஆப்பை எடுத்துட்டு, மேல பாலித்தீன் தாள் சுத்தி, சைக்கிள் டியூபை நீளக் கீத்தா வெட்டி இழுத்து இழுத்துச் சுத்துங்க. வளைஞ்ச கட்டையில கிளாம்பைவிட டியூப்தான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். 24 மணி நேரம் தொடாதீங்க.

பசையை மட்டும் நம்பாதீங்க. காய்ஞ்சதும் உள்பக்கத்துல இருந்து, வெடிப்பைக் குறுக்கா வெட்டுற மாதிரி சாய்வா 3.2 மி.மீ. துளை ரெண்டு போடுங்க. வெளிப்பக்கம் துளைச்சுக்கிட்டு வந்துராம டிரில் பிட்டுல டேப் ஒட்டி ஆழம் குறிச்சுக்கங்க. 3 மி.மீ. பித்தளை மரைக்கம்பியை அசிட்டோன்ல கழுவி, அதே பசையில முக்கி இறக்குங்க. மரைப் பள்ளத்துல பசை பிடிச்சுக்கும், வழவழ கம்பின்னா உருவிக்கிட்டு வரும்.

உசிலம்பட்டி_315:
நன்றிண்ணே. முன்கட்டையைக் கழட்டிட்டேன். போல்ட் நுனி சதுரம்தான். மேகசின் குழிக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் மரம் பள்ளம் விழுந்து பளபளன்னு இருக்கு. அதை விட்டுரலாமா?

வைகைக்கரை:
விட்டுராதீங்க, நோயே அங்கதான் இருக்கு. சுடும்போது இரும்பு பின்னாடி உதைக்கிற உதையை அந்த ரெண்டு செங்குத்து முகமும்தான் வாங்கணும். எண்ணெய்ல மரம் மெத்துனு ஆகி அது உள்வாங்கினதும், உதை முழுக்க முன்கட்டையோட பின்முனைக்குப் போகுது. பின்முனை குவளையில மோதி ஆப்பு அடிச்ச மாதிரி பிளக்குது. வெடிப்பை மட்டும் ஒட்டினா பக்கத்துலயே புதுசா ஒண்ணு விடும்.

பள்ளம் விழுந்த மரத்தை உளியால சதுரமா, நல்ல மரம் தெரியுற வரைக்கும் எடுங்க. 3, 4 மி.மீ. போதும். அந்த இடத்துக்கு நல்லா காய்ஞ்ச ஈட்டியோ கருவேலமோ சில்லு செஞ்சு ஒட்டுங்க. சில்லோட ரேகை துப்பாக்கிக் குழலுக்கு இணையா ஓடணும், அப்பதான் வெட்டுமுகம் (ரேகை குறுக்கா வெட்டுப்பட்ட முகம்) இரும்பைத் தாங்கும். வெட்டுமுகம் பசையை உறிஞ்சிரும், அதனால முதல்ல ஒரு பூச்சு பூசி ஊற விட்டு, மறுபடி பூசி ஒட்டுங்க. தேக்கு வேண்டாம், அதுலயே எண்ணெய்ப் பசை இருக்கு. ஆஸ்திரேலியாவுல லித்கோ தொழிற்சாலை, மெது மரமான கோச்வுட்டுக்கு இதே இடத்துல செம்புத் தகடு வச்சுது.

பொருத்தம் பார்க்க இரும்புல கண்மை தடவி, கட்டையை மாட்டிக் கழட்டுங்க. கறுப்பு ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டுங்க. ரெண்டு முகத்துலயும் சமமா ஒட்டணும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினா குழல் கோணி, குறியும் விலகும். கடைசியில பின்முனைக்கும் குவளைக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற இடைவெளி இருக்கணும்.

பட் கட்டையை இப்ப இறுக்கலாம். அப்பவும் ஆடினா குவளைக்குள்ள போற மரத்தைச் சுத்தி மெல்லிய தோல் வைங்க. இறுக்கி முடிக்கும்போது சதுர நுனி, முன்கட்டைக்குள்ள இருக்கிற சின்னத் தகட்டுக்கு நேரா நிக்குதானு பார்த்துட்டுத்தான் முன்கட்டையை மாட்டணும்.

மர_ரேகை (திருமங்கலம்):
மேல்பூச்சு பத்தி ஒண்ணு. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ரெண்டும் வேண்டாம், மரத்துல கெட்டிப்படாது. ஆளிவிதை எண்ணெய்தான், பெயிண்ட் கடையில டபுள் பாயில்டு லின்சீட்னு கேளுங்க. நாலு சொட்டை உள்ளங்கையால தேய்ச்சு, அரை மணி நேரத்துல மிச்சத்தைத் துடைச்சு, நாளைக்கு ஒரு பூச்சா 5 நாள். துடைச்ச துணியைச் சுருட்டிப் போட்டா தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைனா தண்ணியில முக்கிருங்க. உப்புத்தாள் போட்டு இழைச்சுராதீங்க. கட்டையில பொறிச்ச எண், முத்திரை அழியும், மரமும் இரும்பைவிடத் தாழ்ந்துரும்.

அழகர்மலை_அடிவாரம்:
மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. துப்பாக்கியைப் பட்டறையில விடக் கூடாது. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி பழுது பார்க்கிற தொழிலுக்கும் உரிமம் வேணும். ஆசாரிகிட்ட வெறும் மரக்கட்டை மட்டும் போகட்டும். இரும்புப் பாகம் உங்க வீட்டுல பூட்டுக்குள்ள இருக்கட்டும், சில்லு பொருத்தம் பார்க்கணும்னா அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்க. எல்லாம் முடிஞ்சதும், சுடுறதுக்கு முன்னாடி உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க.

இனிமே பீரோவுல நிறுத்தும்போது குழல் வாய் கீழ, பட் மேல. பட் கீழ இருந்தா இரும்புல போட்ட எண்ணெய் முழுக்க வழிஞ்சு வந்து, இப்ப கறுத்திருக்கிற அதே இடத்துலதான் மறுபடி தங்கும்.